ஒரு நம்பருக்கு ஒரு பெண்

ஜூலை 3, திங்கள்

காலையிலிருந்து மழை. டிஸ்பென்சரி தகரத்தில் அது அடித்த அடியில், வந்தவன் பேசியது பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியே தலைவலிக்குப் போதுமானதாக இருந்தது.

வந்தவன் பெயர் யுகேந்திரன். கம்பெனியின் கோயம்புத்தூர் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவு. நல்ல பையன்தான். மரியாதையாகத்தான் திட்டினான். எஸ்டேட் நர்ஸுகள் எல்லோர் ஃபோனிலும் தாய்சேய் ஆப் ஒன்றைக் கம்பெனி போட்டுக் கொடுத்திருக்கிறது. அது பத்திரமாக இருக்கிறதா என்று வெளியாட்களை வைத்துச் சோதித்தார்களாம். எங்கள் கல்லாறுமட்டம் எஸ்டேட் முதலிடம் வாங்கியிருக்கிறது, ஓட்டையில்.

"மேடம், உங்க லிஸ்ட்ல நாப்பது லேடீஸுக்கு ஒரே மொபைல் நம்பர் இருக்கு. யாரு நம்பர் மேடம் அது?"

"என் நம்பர்தான்."

"உங்க நம்பரை எப்படி மேடம் அவங்களுக்குப் போட்டீங்க?"

எப்படிப் போட்டேனா? விரலால்தான் போட்டேன். இங்கே வீட்டுக்கு ஒரு ஃபோன், அது புருஷன் சட்டைப் பையில். கொழுந்து பறிக்கிறவளுக்குத் தனியாக ஃபோன் ஏது? தடுப்பூசி தேதி, ரத்தம் பார்க்கிற தேதி, பிரசவ தேதி எல்லாவற்றுக்கும் ஆப் மெசேஜ் அனுப்பும். அது புருஷனுக்குப் போனால் அவன் பார்க்க வேண்டும், பார்த்தால் புரிய வேண்டும், புரிந்தால் வீட்டில் வந்து சொல்ல வேண்டும். நடக்கிற காரியமா? எனக்கு வந்தால் நான் லயன் வீடுகளின் வாசலில் நின்று ஒரு கத்து கத்திவிட்டு வருவேன். இத்தனை வருஷத்தில் ஒரு ஊசி தவறியதில்லை. இதை அவனிடம் சொன்னேன். "புரியுது மேடம், ஆனா செக்யூரிட்டி" என்றான்.

இனிமேல் ஒரு நம்பருக்கு ஒரு பெண். அந்த நம்பருக்கு ஓடிபி போகும், அதைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். வேலையில் இருக்கும் எங்கள் நம்பர் கூடவே கூடாது. மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். முடியாமல் நிற்கிற பெயர்கள் சூப்பர்வைசருக்கும் போகுமாம், அவர் உதவி செய்வாராம்.

என் ஃபோனைத் திறக்கிற எண்ணையும் விடவில்லை. கல்யாணம் ஆன வருஷத்தை வைத்திருந்தேன். "வீட்ல வேற யாருக்கும் தெரியுமா மேடம்?" என்றான். இவருக்குத் தெரியும், சாயங்காலமானால் என் ஃபோனில்தானே மீன் பிடிக்கிற வீடியோ பார்க்கிறார் என்றேன். பையன் நெஞ்சில் கை வைக்காத குறை. அங்கேயே மாற்ற வைத்தான்.

முழங்கால் வலி. ராத்திரிக்குக் கஞ்சி, சுட்ட அப்பளம்.

ஜூலை 5, புதன்

இவர் நேற்று ஃபோனை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்பர் மாத்திட்டியா ரெஜி?" என்றார்.

"கம்பெனி ரூல். யாருக்கும் சொல்லக்கூடாது."

"அந்த 'யாருக்கும்'ல நானும் வர்றேனா?"

அவர் தன்னுடைய பட்டன் ஃபோனை எடுத்து மணி பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். ஒருவிதத்தில் நல்லதுதான். வீடியோ சத்தம் இல்லாமல் வீடு அமைதியாக இருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இவர் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வளைவு டீக்கடைதான் ஆபீஸ். எஸ்டேட்டில் ஒழுங்காக டவர் கிடைப்பது அந்த வளைவில் மட்டும். வேலை முடிந்து ஆண்கள் அங்கே வந்து நின்றால் அன்றைக்கு வர வேண்டிய மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து விழும். எல்லாம் இங்கிலீஷ். ஆளாளுக்கு ஃபோனைத் திறந்து ஞானப்பிரகாசம் அய்யா கையில் கொடுத்துவிடுவார்கள். இவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இது பேங்க், இது கேஸ் சிலிண்டர், இது ஏமாத்துக்காரன், தொடாதே என்று தரம் பிரிப்பார். யுகேந்திரன் அதைப் பார்த்திருந்தால் அங்கேயே மயக்கம் போட்டு விழுந்திருப்பான். ஊர் ரகசியம் பூராவும் ஒரு டீ கிளாஸ் பக்கத்தில்.

அதனால்தான் வேலை விஷயம் எதையும் நான் இவரிடம் சொல்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. கெட்ட மனுஷர் இல்லை, வாய் சும்மா இருக்காது என்று ஒரு எண்ணம்.

ஜூலை 8, சனி

ஓடிபி பிச்சைக்குப் போய்வந்தேன்.

டவர் வளைவில், ஃபோன் புருஷனிடம், புருஷன் மருந்தடிக்கிற காட்டில், பெண் கொழுந்துக் காட்டில், ஓடிபிக்கு ஆயுசு மூன்று நிமிஷம். இந்த நாலையும் ஒரு இடத்தில் சேர்ப்பதற்குள் எனக்கு ஆயுசு முடிந்துவிடும். சாயங்காலம் டீக்கடையிலேயே போய் நின்றுகொண்டேன்.

மேல் லயன் இசக்கிமுத்துவிடம் வந்த நம்பரைச் சொல்லுப்பா என்றேன். ஃபோனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். "சிஸ்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதேன்னு பேங்க்ல பாடம் எடுத்தாங்க. அம்மாவே கேட்டாலும் சொல்லாதேன்னாங்க."

"உன் பொண்டாட்டிக்கு இரும்புச்சத்து ஊசி போடணும்டா. உன் சொத்தை நான் எழுதி வாங்கப் போறதில்ல."

"அதெல்லாம் சரி, நீங்க சிஸ்டரம்மாதான்னு என்ன அத்தாட்சி?"

அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் இந்தக் கையால் வாங்கியவள் நான். கடையே சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் இவரே, "டேய், சொல்லுடா, நான் ஜாமீன்" என்று சொன்ன பிறகுதான் இசக்கிமுத்து நம்பரைச் சொன்னான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

ஜூலை 9, ஞாயிறு

கோயில். சாமியார் பிரசங்கம் நீளம். அட்டைப்பூச்சி காலில் ஏறியது தெரியாமல் பூசை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை கோயம்புத்தூரில் மீட்டிங் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 11, செவ்வாய்

பெரும்பாலும் முடித்துவிட்டேன். நிற்கிறவற்றில் ஒரு பெயர்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பாண்டிச்செல்வி. கீழ் லயனில் சுடலைமணியின் மனைவி. மூன்றும் பெண் பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் பொள்ளாச்சிக்கு ஜீப்பில் ஓடினோம். பிழைத்தது கர்த்தர் புண்ணியம். இன்னொரு பிள்ளை என்று உண்டானால் ஆள் தங்கமாட்டாள் என்று பெரிய டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். இதை மாமியார்க்காரியிடம் சொன்னால், "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, எனக்குப் பேரன் வேணும்" என்றாள். குடும்பக்கட்டுப்பாடு பேச்சையே எடுக்க விடவில்லை. பாண்டிச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரிடம் கேட்டு, கரு தங்காமல் இருக்கக் காப்பர்-டி வைத்தோம். அவளுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆப்பில் ஏற்றினேன், என் நம்பரைப் போட்டு.

இப்போது அந்த இடத்தில் சுடலைமணியின் நம்பர் வர வேண்டும். வந்தால், பரிசோதனைத் தேதி நெருங்கும்போது காப்பர்-டி என்ற பெயரோடு மெசேஜ் அவன் சட்டைப் பைக்குள் போய் விழும்.

இன்றைக்கு அவளைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். கூடையை இறக்கக்கூட இல்லை, அப்படியே நின்றாள்.

"ஐயோ சிஸ்டரம்மா, தெரிஞ்சா எடுக்க வெச்சிடுவாங்களே."

"சுடலைமணி அவ்வளவு முரடனா?"

"அவரு நல்லவருதான். அவங்கம்மா முன்னாடி மட்டும் வாயே திறக்க மாட்டாரு. ஆடி போனதும் பையனுக்காக ஏதோ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வேண்டிக்கிட்டா வந்துடுமாம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பொண்ணுங்க மூணும் சின்னது சிஸ்டரம்மா. நான் இருக்கணும்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்ன பார்த்துக்கொள்வது, என் தலை. எனக்கு வேறு கவலை இல்லையா?

ஜூலை 13, வியாழன்

போனேன், வந்தேன். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி. இடது அக்குள் பக்கம் ஊசி குத்தின இடம் விண்விண் என்கிறது. மீட்டிங் எப்படி என்று இவர் கேட்டார். எப்பவும் போலத்தான் என்றேன். எனக்குப் பிடித்த கெளுத்தி மீன் வாங்கி வைத்திருந்தார். நானே குழம்பு வைத்தேன், ஆனால் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

சூப்பர்வைசர் உதவி செய்துவிட்டார்!

பாதி மாதப் பட்டியல் என்று யுகேந்திரன் அவருக்கு அனுப்பியிருக்கிறான். அவர் அதைக் காலை பிரட்டில், ஆள் எடுக்கும்போது, ஆஜர் கூப்பிடுகிற மாதிரி உரக்க வாசித்திருக்கிறார். "இந்தப் பொம்பளைங்களோட புருஷன்மார் எல்லாம் ஃபோனை எடுத்துக்கிட்டு டிஸ்பென்சரிக்குப் போங்க." பாண்டிச்செல்வி பெயர் மூன்றாவது. அதற்கப்புறம் காட்டில் அவள் கூடைக் கொழுந்தைக் கீழே கொட்டிவிட்டதாகப் பக்கத்து நிரையில் பறித்த பெண் மருந்து வாங்க வந்தபோது சொன்னாள். பாவம், உடம்பு சரியில்லை போல என்றாள்.

நாற்பது பேர் பெயரை ஒரு ஃபோனில் வைத்தால் ஓட்டையாம். ஊரைக் கூட்டி வாசித்தால் பாதுகாப்பாம். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஜூலை 19, புதன்

சுடலைமணி வந்தான். மழையில் நனைந்து, ஃபோனை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பக்தியாகக் கொண்டுவந்தான். டிஸ்பென்சரி பின்பக்க ஜன்னலில் கொஞ்சம் டவர் வரும் என்று அவனே கண்டுபிடித்து அங்கே போய் நின்றுகொண்டான்.

"என் பொண்டாட்டி பேரை வாசிச்சாங்க சிஸ்டரம்மா. அவ மறந்திருப்பா. நம்பர் போட்டுக்குங்க."

இவ்வளவு பணிவாக நிற்கிறவனிடம் என்ன சொல்வது? அப்புறம் வா என்றேன். அரை நாள் லீவு போட்டு வந்திருக்கேன் என்றான். ஆப்பைத் திறந்தேன். ஓடிபி போயிற்று. எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு எண்ணாக வாசித்தான். நான் வேறு எண்ணைப் போட்டேன். தப்பு என்றது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வாசித்தான், மறுபடி வேறு எண்ணைப் போட்டேன்.

"சரியாத்தானே சொல்றேன்?"

"நீ சரியாத்தான் சொல்ற. கண்ணு தெரியல எனக்கு."

மூன்றாவது தடவை போட்டதும் சிவப்பில் ஒரு பூட்டுப் படம் வந்தது. இந்தப் பெயர் பூட்டப்பட்டது, நிர்வாகத்தைத் தொடர்பு கொள்ளவும். அப்பாடா என்று மூச்சு வந்தது. "வயசாகிடுச்சு உங்களுக்கு, கண்ணாடி மாத்துங்க சிஸ்டரம்மா" என்று அவனே என்னைத் தேற்றிவிட்டுப் போனான். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நல்ல மனுஷனை ஏமாற்றுகிறோம் என்று இருந்தது. ஆனால் பூட்டினால் மெசேஜ் போகாது. அது போதும்.

ஜூலை 21, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ். அழித்துவிட்டேன். மாவு அரைத்தேன்.

ஜூலை 24, திங்கள்

யுகேந்திரன் ஃபோன் பண்ணினான். குரலில் அத்தனை சந்தோஷம்.

"மேடம், உங்க எஸ்டேட் ஹண்ட்ரட் பர்சன்ட்! ஒரே ஒரு பேர் லாக் ஆகியிருந்துச்சு, பாண்டிச்செல்வின்னு. அந்த நம்பருக்கு நானே பேசினேன். அவங்க ஹஸ்பண்ட்தான் எடுத்தார். கன்ஃபர்ம் பண்ணி இங்கிருந்தே திறந்து விட்டுட்டேன். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

"தம்பி, அதை எடுத்துடுப்பா."

"ஏன் மேடம்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இன்னொரு காது. "அந்தப் பொண்ணு ஒத்துக்கல" என்றேன்.

"நம்பரோட ஓனர் ஒத்துக்கணும் மேடம். மாத்தணும்னா அவரே சொல்லணும். அதான் செக்யூரிட்டி."

உடம்பு அவளுடையது, ஓனர் அவன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஃபோனை வைத்தேன்.

ஜூலை 26, புதன்

பாண்டிச்செல்வியிடம் சொன்னேன். மெசேஜ் ஒன்றாம் தேதி வாக்கில் வரும், அவன் பார்ப்பதற்குள் அழித்துவிடு என்றேன்.

"எங்க சிஸ்டரம்மா அழிக்கிறது? லயன்ல டவர் ஏது? அவரு டீக்கடைக்குப் போனாத்தானே வந்து விழும்."

டீக்கடையில் விழுந்தால் அது யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? இவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமா என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். இவர் வாசற்படியில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பக்கத்தில் போனேன். "என்ன ரெஜி, ஏதாவது சொல்லணுமா?" என்றார். தண்ணி வரலை என்றேன்.

சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

ஜூலை 30, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அசதி.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இவர் சீக்கிரமே கடையிலிருந்து வந்துவிட்டார். குடையை விரித்தே வைத்திருந்தார், உள்ளே வந்தும் மடக்கவில்லை.

"ரெஜி, சுடலைமணி ஒரு மெசேஜ் கொண்டாந்தான்."

என் கையில் சட்டுவம். தோசையைத் திருப்பவில்லை.

"படிச்சேன். பாண்டிச்செல்வி பேரு போட்டு, காப்பர்-டி பரிசோதனைன்னு இருந்துச்சு. கூட்டத்துல சொல்லல. வெளிய கூட்டிட்டுப் போயி, வளைவுக்கு அந்தாண்ட, மழையில நின்னு மெதுவாத்தான் சொன்னேன். அப்படின்னா என்னன்னு கேட்டான். அதையும் சொன்னேன். அவன் முகம் செத்துப்போச்சு ரெஜி. விறுவிறுன்னு இறங்கிப் போயிட்டான். நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். ஊரார் ஃபோனை நோண்டுகிறவர், வாய் நிற்காதவர், ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடியவர் என்றெல்லாம் வந்தது. இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில்தான் சொன்னார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைச் சத்து மாத்திரைன்னு சொல்லியிருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்? நீதான் எதையும் சொல்றதில்லையே."

குடையை மடக்கி வெளியே வைத்தார். தோசை கருகிவிட்டது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

பாண்டிச்செல்வி வேலைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்றும் வரவில்லை. மருந்து கொடுக்கிற சாக்கில் கீழ் லயனுக்குப் போனேன். மாமியார் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "மகனுக்கு என்னமோ ஆயிடுச்சு, யார்கூடவும் பேசமாட்டேங்கான்" என்று என்னிடமே குறைப்பட்டாள். அவளுக்கு விஷயம் தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். பாண்டிச்செல்வி சின்னதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பில் அடி எதுவும் இல்லை, பார்த்துக்கொண்டேன். கண்ணால் கேட்டேன். தெரியலை என்று தலையை ஆட்டினாள்.

இவருடன் பேச்சு இல்லை. அவரும் டீக்கடைக்குப் போகவில்லை. கடையில் ஆள்கள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, அய்யா எங்கே என்று கேட்கிறார்களாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு மெசேஜ். வரும் வியாழக்கிழமை கட்டாயம் வரவும், கூட வீட்டார் ஒருவரை அழைத்து வரவும். இதை அழிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

மழை விட்டிருந்தது. டிஸ்பென்சரி திறந்து பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தேன். சுடலைமணி வந்து நின்றான். கதவை லேசாகச் சாத்தினான். காப்பர்-டியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். முடியாது என்று சொல்ல வாயைக்கூடத் தயார் பண்ணிக்கொண்டேன்.

"அது அவ உடம்புல இருந்தா, அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது. அது இல்லைன்னாத்தான் ஆகும்."

முக்காலியில் உட்கார்ந்தான்.

"நேத்து வரைக்கும் அவகிட்டப் பேசல. கோவம்னு நெனச்சிட்டிருந்தா. கோவம் இல்ல சிஸ்டரம்மா, வெக்கம். அன்னிக்கு ஜீப்புல அவ தலைய மடியில வெச்சிட்டு வந்தவன் நான். சீட்டெல்லாம் ரத்தம். அதுக்கப்புறமும் நான் பையன் கேப்பேன்னு நெனச்சிருக்கா பாருங்க." கண்ணைத் துடைத்தான். "கேட்டேன்தான். அம்மா கேக்கச் சொல்லுச்சு, கேட்டேன். வேணாம்னு அவ ஒரு சொல்லு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

"சொல்ற மாதிரி நீ நடந்துக்கிட்டியாப்பா?"

"இல்ல." உடனே ஒத்துக்கொண்டான். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். "ஆனா உங்களுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். கோயம்புத்தூர்ல எங்கியோ இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒரே பாய்ல படுக்கிற எனக்கு மட்டும் தெரியாது. டீக்கடையில அடுத்தவர் படிச்சுச் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியதாயிடுச்சு. நேத்து ராத்திரி அவகிட்ட இதைத்தான் கேட்டேன். ரெண்டு பேரும் அழுதோம். கோயிலுக்கும் போறதில்லைன்னு சொல்லிட்டேன்."

நாங்கள் பயந்து பயந்து யாரிடமிருந்து மறைத்தோமோ அந்த ஆள், முக்காலியில் கூனி உட்கார்ந்து, என்னையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டான். அவனைத் தப்பாக எடை போட்டோமா? அன்றைக்கே சொல்லியிருந்தால் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பானா? அதுவும் தெரியாது. அவனுக்கே தெரியாது.

"ஒரு உதவி சிஸ்டரம்மா. எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது. தங்கச்சி மாப்பிள்ளை வந்தா என் ஃபோனை எடுத்து எல்லாத்தையும் படிப்பான். என் நம்பரை எடுத்துட்டுப் பழையபடி உங்க நம்பரையே போட்டுடுங்க."

என் நம்பர் கூடாதாம், வேலையில் இருப்பவள் என்று சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை.

"அப்ப அய்யா நம்பரைப் போட்டு, அவருகிட்ட விஷயத்தையும் சொல்லிடுங்க. அவருதான் ரிட்டயர் ஆயிட்டாரே."

"உன்கிட்ட விஷயத்தைப் போட்டு உடைச்சதே அவருதானேப்பா!"

"என் விஷயத்தை என்கிட்டத்தானே சொன்னாரு. வேற யாருகிட்டயும் சொல்லல. மழையில என்னை நிக்க வெச்சு, குடையை என் தலைக்குப் புடிச்சிட்டு அவரு நனைஞ்சாரு. அவருகிட்ட நாங்க எல்லாரும் ஃபோனைக் குடுக்கிறது இங்கிலீஷ் தெரியும்னு மட்டுமா?"

பின்பக்க ஜன்னலில் நின்று யுகேந்திரனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஓனரான சுடலைமணியே பேசினான். "மாத்திடுங்க சார், என் விருப்பம்தான்" என்றான். யுகேந்திரனுக்குத் திருப்தி.

ஓடிபிக்காக வீட்டுக்குப் போனேன். இவர் கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆறு நாளில் முதல் பேச்சு.

"உங்க ஃபோனை எடுத்துட்டு வளைவுக்கு வாங்க. ஒரு நம்பர் வரும், சொல்லணும்."

எதற்கு என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். டீக்கடை தாண்டி, ஆள் இல்லாத இடத்தில் நின்றோம். நம்பர் வந்தது, வாசித்தார். இந்தத் தடவை சரியாகப் போட்டேன். பாண்டிச்செல்வி பெயருக்கு நேராகப் பச்சை விழுந்தது. இனிமேல் அவளுக்கான மெசேஜ் இவருக்கு வரும் என்று முழுக்கச் சொன்னேன். அவளுடைய பிரசவம், ஜீப், டாக்டர் சொன்னது, மாமியார், எல்லாம். சுடலைமணி சொல்லச் சொன்ன பிறகுதான் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "வேற?" என்றார்.

"வேற என்ன?"

"வேற ஏதாவது இருக்கா ரெஜி? மீட்டிங்குக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து நீ இடது கையைத் தூக்கித் தலை சீவறதில்ல."

இந்த மனுஷர் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நடுரோட்டில், இந்த வயதில். என் ஃபோனைத் திறந்து அந்த ஆஸ்பத்திரி மெசேஜை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஊரார் மெசேஜ் எல்லாம் ஒரே மூச்சில் வாசிக்கிறவர், அந்த இரண்டு வரியை வெகு நேரம் வாசித்தார். சத்தமாக வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"போன தடவை தனியா போனியா?"

"ஆமா."

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். கடைப் பக்கம் திரும்பி, வியாழக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று உரக்கக் கேட்டார்.